குறைந்த மார்க்கோடு எம்.எஸ்சி. நர்சிங்: ஜூஜுவாடியிலிருந்து சில பாடங்கள்

பி.எஸ்சி. நர்சிங்கில் மார்க் குறைந்துபோனால் மேற்படிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று, ஓசூரை ஒட்டிக் கர்நாடக எல்லையில் இருக்கும் எங்கள் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வார்டில் சீனியர்கள் சொல்வார்கள், வீட்டில் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு நாமும் நம்பிவிடுவோம். நான் 56 விழுக்காட்டோடு பட்டம் வாங்கியவள். ஓசூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மனநலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. முடித்தேன். இப்போது ஒரு செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என்னைப்போல நடுத்தர மார்க்கோடு நிற்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி வழி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முதுநிலை நர்சிங் பள்ளிகள் பல, 4-க்கு 3 என்ற சராசரியைக் கேட்டாலும், விண்ணப்பக் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வேலை அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கின்றன. அதைப் படித்துவிட்டு இங்கே ‘நல்ல கடிதம் எழுதினால் மார்க்கை மன்னித்துவிடுவார்கள்’ என்று சிலர் நினைக்கிறார்கள். நம் நாட்டு முறை வேறு. இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் எந்தக் கடிதமும் உதவாது. கோட்டுக்கு மேலே வந்துவிட்டால், நுழைவுத் தேர்வு வைக்கும் இடங்களில் பழைய மார்க்கின் பலம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் நீங்கள் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கோடு எங்கே இருக்கிறது

இந்திய நர்சிங் கவுன்சில் எம்.எஸ்சி. நர்சிங்குக்கு வைத்திருக்கும் தகுதி இது: பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் மொத்தமாக 55 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 விழுக்காடு தளர்வு, அதாவது 50. மாநில கவுன்சிலில் நர்ஸ், மிட்வைஃப் என இரண்டு பதிவும் இருக்க வேண்டும். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அதன் பிறகு ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அந்த ஓராண்டு, படிப்புக்கு முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் சரி.

எய்ம்ஸ் நுழைவுத் தேர்வில் கோடு இன்னும் மேலே இருக்கிறது. அங்கே 60 விழுக்காடு கேட்கிறார்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 55. என் 56-க்கு அந்தக் கதவு இல்லை என்று தெரிந்ததும் அதற்கான விண்ணப்பக் கட்டணத்தையும் நேரத்தையும் மற்ற இடங்களுக்கு வைத்துக்கொண்டேன். எந்தக் கதவு நமக்கு இல்லை என்பது சீக்கிரம் தெரிவதும் நல்லதுதான்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங்கில் தேர்ச்சி பெற, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 50 விழுக்காடு எடுத்தால் போதும். எம்.எஸ்சி.க்கு 55 வேண்டும். ஆக, ஒரு பாடம்கூட அரியர் இல்லாமல் பட்டம் வாங்கி, பதிவும் செய்து, ஐ.சி.யூ.வில் திறமையாக வேலை பார்க்கும் ஒருவர், 50-க்கும் 55-க்கும் நடுவில் சிக்கி நிற்கலாம். படிக்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இப்போது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ இருப்பவர்கள் இன்றே கணக்குப் போடுங்கள். மீதமுள்ள தேர்வுகளில் எவ்வளவு எடுத்தால் மொத்தம் 55-ஐத் தாண்டும் என்று பாருங்கள். செய்முறைத் தேர்வையும் இன்டெர்னல் மார்க்கையும் லேசாக விடாதீர்கள். கேர் பிளான், கேஸ் ஸ்டடி, ஹெல்த் டாக் எல்லாம் நேரத்துக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கு மொத்தத்தில் இரண்டு மூன்று விழுக்காடு கூடுவதை ஆசிரியராக இப்போது கண்ணால் பார்க்கிறேன்.

கணக்கை நீங்களே போடுங்கள்

மொத்த விழுக்காடு என்பது எல்லா ஆண்டுகளிலும் வாங்கிய மார்க்கைக் கூட்டி, எல்லா ஆண்டுகளின் அதிகபட்ச மார்க்கால் வகுத்து வருவது. ஒவ்வோர் ஆண்டின் விழுக்காட்டையும் எடுத்து நான்கால் வகுத்தால் வேறு எண் வரும், ஏனென்றால் எல்லா ஆண்டுக்கும் மொத்த மார்க் ஒன்றல்ல. எல்லா மார்க் ஷீட்டையும் தரையில் பரப்பி வைத்து, காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். 54.8 வந்தால், சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டில் அப்படி அனுமதித்திருந்தாலொழிய, அதை 55 என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

2021-இல் வந்த புதிய விதிமுறைக்குப் பிறகு பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர், கிரெடிட் முறைக்கு மாறிவிட்டது. கிரேடு வாங்கியவர்கள், அது எத்தனை விழுக்காட்டுக்குச் சமம் என்று தங்கள் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாமாகப் போட்ட கணக்கை எந்தச் சேர்க்கைக் குழுவும் ஏற்காது.

முடிவு வந்த சமயத்தில் மறுகூட்டலுக்குக் கால அவகாசம் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு ஐந்து மார்க் கூடினாலும் பெரிது. நான் படித்த பல்கலைக்கழகத்தில், தேறிய பாடத்தை மார்க் உயர்த்துவதற்காக மறுபடி எழுத வழி இல்லை. அதனால் அந்தச் சில நாள் அவகாசம்தான் மார்க்கை மாற்றும் கடைசி வாய்ப்பு.

மார்க் ஏன் குறைந்தது என்பதை நேராகப் பாருங்கள்

எங்கள் வீட்டில் தெலுங்கு. தெருவில் கன்னடமும் தமிழும். பள்ளியில் தமிழ் வழி. கல்லூரிக்குப் போனதும் முதல் ஆண்டிலேயே அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி எல்லாம் ஆங்கிலத்தில் ஒன்றாக வந்து இறங்கின. ஜூஜுவாடி, ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருந்து போகும் பிள்ளைகள் பலருக்கு இதுதான் கதை. பாடம் தெரியும், பரீட்சைத் தாளில் எழுத ஆங்கிலம் வராது. எனக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் சரிந்த மார்க், கடைசி இரண்டு ஆண்டுகளில் மெல்ல ஏறியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காரணத்துக்கு ஏற்றபடிதான் மருந்து. எழுத்து ஆங்கிலம்தான் தடை என்றால், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நுழைவுத் தேர்வு உங்களுக்குச் சாதகம். பாடமே பிடிபடவில்லை என்றால், எந்தப் பாடம் என்று கண்டுபிடித்து அதை அடியிலிருந்து படிக்க வேண்டும். ஹாஸ்டல் பிரச்சினை, உடம்பு சரியில்லாதது, வீட்டுச் சுமை என்றால், எம்.எஸ்சி.யில் சேரும் முன்பே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மார்க் ஷீட்டைப் பாடம் பாடமாகப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அந்த ஓராண்டை எங்கே வேலை பார்ப்பது

எங்கள் ஊரில் நர்ஸுக்கு வேலை கிடைப்பது பெரிய சிரமம் இல்லை. ஓசூரில் தனியார் மருத்துவமனைகள் பல. எல்லையைத் தாண்டினால் அத்திபெலே, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று வழிநெடுக மருத்துவமனைகள். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளிலும் வேலை உண்டு. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் நர்சிங் ஊழியர்களோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே வரும் விதி.

ஆலை வேலையில் இரவு ட்யூட்டி குறைவு, சம்பளமும் நேரத்துக்கு வரும். ஆனால் மேற்படிப்பு எண்ணம் இருந்தால், சேர நினைக்கும் கல்லூரி அந்த அனுபவத்தை ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் படுக்கை வசதியுள்ள மருத்துவமனையே நல்லது. அதிலும் எமர்ஜென்சி, ஐ.சி.யூ., பிரசவ வார்டு மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நுழைவுத் தேர்வின் கேள்விகள் அங்கேதான் படுத்திருக்கின்றன.

சேரும் அன்றே பணி நியமனக் கடிதம் வாங்குங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். விலகும்போது, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த பிரிவு மூன்றும் உள்ள அனுபவச் சான்றிதழை நர்சிங் சூப்பரின்டென்டன்ட் கையெழுத்தோடு வாங்குங்கள். ஓராண்டுக்குச் சில நாட்கள் குறைந்ததால் அந்த ஆண்டு சேர முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். நன்றாக வேலை பார்த்த இடத்தில் நல்லபடி சொல்லிவிட்டு விலகுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டு அங்கேதான் போய் நிற்கப் போகிறோம்.

நோயாளியை வைத்துப் படிப்பது

எனக்கு உண்மையாகவே உதவியது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். நுழைவுத் தேர்வுக்கு என்று கோச்சிங் போக எனக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஒவ்வொரு ட்யூட்டியிலும் ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வந்ததும் ஐந்து விஷயம் எழுதினேன்: என்ன நோய், ஏன் வந்தது, கொடுத்த மருந்துகளில் ஒன்று எப்படி வேலை செய்கிறது, நர்ஸாக நான் முதலில் கவனிக்க வேண்டியது என்ன, அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆபத்து வரலாம். பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்ப்பேன்.

எங்கள் பகுதி நோயாளிகளே பாடத்திட்டத்தின் பாதியைக் கொண்டுவந்து விடுவார்கள். பிரஸ் மெஷினில் விரல் துண்டாகி வருவார்கள். துண்டான விரலை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவந்தால் திசு கெட்டுப்போகும். சலைனில் நனைத்த காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். வார்டில் ஒருமுறை செய்தவர்களுக்கு இது மறக்கவே மறக்காது.

தீக்காயம் வரும். பார்க்லேண்ட் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களே ஒரு இடத்தில் தவறவிடுவார்கள். 60 கிலோ எடை, 30 விழுக்காடு தீக்காயம் என்றால் 4 × 60 × 30, மொத்தம் 7200 மில்லி. அதில் பாதி, 3600 மில்லி, முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் மீதி 6 மணி நேரத்தில் அதே 3600, அதாவது மணிக்கு 600 மில்லி. தேர்வில் இதைத்தான் மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44 எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. தலைக்காயத்தோடு வருபவர்களுக்குக் கிளாஸ்கோ கோமா அளவைப் போட்டுப் போட்டு, கண் 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தம் 15, குறைந்தபட்சம் 3, 8-க்கு வந்தால் மூச்சுப்பாதையைக் காப்பாற்று என்பது கைக்கே பழகிவிட்டது. கிராமங்களிலிருந்து பூச்சிமருந்து குடித்தவர்கள் வருவார்கள். ஆர்கனோபாஸ்பேட் விஷத்துக்கு அட்ரோபின் போதுமான அளவு போயிருக்கிறதா என்பதை நுரையீரலில் சுரப்பு வற்றுவதை வைத்துத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், கண்மணி விரிவதை மட்டும் நம்பக் கூடாது. பாம்புக்கடிக்கு உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஆடாமல் 20 நிமிடம் வைத்துப் பார்ப்போம். உறையவில்லை என்றால் விரியன் கடி என்று சந்தேகம். இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

புத்தகங்களைக் குவிக்க வேண்டாம். மெட்-சர்ஜுக்குப் புருனர், சமூக நலத்துக்குப் பார்க், மகப்பேறுக்குத் தத்தா, குழந்தைகளுக்குக் கய், மனநலத்துக்கு டவுன்சென்ட், ஆராய்ச்சிக்குப் போலிட்–பெக். பாடத்துக்கு ஒன்று போதும். முந்தைய ஆண்டுக் கேள்விகளைப் போட்டுப் பார்த்து, தப்பான விடைகளை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள். நெகட்டிவ் மார்க் உண்டா என்று குறிப்பேட்டில் முதலில் பாருங்கள், அதை வைத்துத்தான் தெரியாத கேள்வியைத் தொடுவதா விடுவதா என்று முடிவு செய்ய முடியும். வார்டில் நாம் பார்க்காத பகுதிகள் உண்டு: ஆராய்ச்சி, புள்ளியியல், நிர்வாகம், தேசிய சுகாதாரத் திட்டங்கள். இவற்றுக்கு விடுமுறை நாட்களை ஒதுக்குங்கள். பலரும் விட்டுவிடும் பகுதி என்பதால் இங்கே எடுக்கும் மார்க் நம்மை முன்னே தள்ளும்.

நைட் ட்யூட்டி முடிந்த காலையில் படிக்க உட்காராதீர்கள். தூங்குங்கள். எழுந்ததும் ஒரு மணி நேரம், மனம் தெளிவாக இருக்கும்போது படித்தால் போதும். ஒரே வார்டில் இருக்கும் இருவர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஹேண்டோவர் கொடுக்கும்போதே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பிரிவு

எம்.எஸ்சி. நர்சிங்கில் மெடிக்கல் சர்ஜிக்கல், சமூக நலம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்து சிறப்புப் பிரிவுகள். நான் விண்ணப்பித்த இடங்களில் மெடிக்கல் சர்ஜிக்கலுக்கும் மகப்பேறுக்கும் கூட்டம் அதிகம், மனநலத்துக்கும் சமூக நலத்துக்கும் குறைவு. மார்க் குறைந்தவர்களுக்கு அங்கே வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆனால் இடம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் போகாதீர்கள். இரண்டு ஆண்டுகள், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த நோயாளிகளோடுதான்.

நான் மனநலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆர்த்தோ வார்டில் இருந்தது. விபத்தில் கால் உடைந்து சேர்ந்த தொழிலாளி, இரண்டு மூன்று நாளில் திடீரென்று கை நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துவார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டார் அழுவார்கள். தினமும் குடித்தவருக்கு மதுவை நிறுத்தி 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் டெலிரியம் ட்ரெமன்ஸ் அது. முன்கூட்டியே கவனித்தால் தடுக்கலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும் என்பதை அந்த வார்டில்தான் கற்றேன். ஊர்விட்டு ஊர் வந்து, ஷிப்டு மாறி மாறி வேலை செய்து, தூக்கம் கெட்ட தொழிலாளர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. இங்கே மனநலம் தெரிந்த நர்ஸ் மிகவும் தேவை என்று எனக்குப் பட்டது.

எங்களுக்கு வாய்த்த இன்னொரு நல்ல விஷயம், ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் போகும் அதே ஓசூர் ரோட்டில்தான் நிமான்ஸ் என்ற மனநல நிறுவனம் இருக்கிறது. 1974-இல் மாநில மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநல நிறுவனத்தையும் இணைத்து உருவான இடம். மனநலச் செவிலியத்தில் எம்.எஸ்சி.யும் ஓராண்டு டிப்ளமாவும் அங்கே உண்டு, நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும்.

சமூக நலத்தை விரும்புவோருக்கும் நம் மாவட்டம் நல்ல களம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடிப்போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் வேலையை அருகிலிருந்து கவனித்தவருக்கு ஆய்வுத் தலைப்பு தேட வேண்டியிருக்காது.

எல்லையில் வாழ்பவர்களின் காகிதங்கள்

ஜூஜுவாடியில் வீடு, அத்திபெலேயில் வேலை, பெங்களூரில் படிப்பு என்று இருப்பவர்களுக்குச் சான்றிதழ் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு இடங்களை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. இங்கே 69 விழுக்காடு இடஒதுக்கீடு. சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் சரியாக இருக்க வேண்டும். சிலர் பள்ளிப் படிப்பை எல்லைக்கு அந்தப் பக்கம் முடித்திருப்பார்கள். அவர்கள் இருப்பிடச் சான்றிதழை விண்ணப்பம் வருவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் சாதிச் சான்றிதழை வைத்துக் கர்நாடக மாநில இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. ஒரே சாதி இரண்டு மாநிலத்திலும் இருந்தாலும் பட்டியல் வேறு, உரிமை அந்தந்த மாநிலத்தோடு சேர்ந்தது. மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்டோர், மத்தியப் பட்டியலின்படி தனிப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். மாநிலச் சான்றிதழைக் கொண்டுபோனால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேருவோர், தகுதிச் சான்றிதழ், இடமாற்றச் சான்றிதழ், மாநில கவுன்சில் பதிவு தொடர்பான நடைமுறை ஆகியவற்றுக்குப் போதிய நாள் ஒதுக்குங்கள். அரியர் இருந்தவர்கள் எத்தனை முறையில் தேறினோம் என்று காட்டும் அட்டெம்ப்ட் சான்றிதழும் வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து, ஸ்கேன் செய்து போனிலும் வைத்திருங்கள்.

பணம் கேட்பவர்களிடம்

எல்லையோரம் என்பதால் ஏஜென்ட் தொல்லை எங்களுக்கு அதிகம். ‘மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதீங்க, கிளாஸுக்கே வர வேண்டாம், வேலை பார்த்துக்கிட்டே இருங்க, சர்டிபிகேட் கைக்கு வரும்’ என்பார்கள். 55 இல்லாதவருக்கும் இடம் வாங்கித் தருகிறேன் என்பார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தகுதி இல்லாத சேர்க்கையைப் பல்கலைக்கழகம் பதிவு செய்யாமல் விட்டால் பணமும் போகும், ஆண்டும் போகும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எம்.எஸ்சி. படித்தவர் நாளைக்கு நர்ஸுகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறவர். வார்டில் நிற்காமல் வாங்கிய பட்டத்தோடு வகுப்பில் நின்றால், அவரிடம் படித்த பிள்ளை ஊசி போடும் நோயாளிக்கு என்ன ஆகும்? குறைந்த மார்க் ஒரு குறையே இல்லை. படிக்காமல் வாங்கும் பட்டம் நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

கல்லூரியை நீங்களே சரிபாருங்கள். பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலிலும் கவுன்சில் பட்டியலிலும் அந்த ஆண்டுக்குப் பெயர் இருக்கிறதா, நீங்கள் கேட்கும் பிரிவுக்கு இடம் இருக்கிறதா, கற்றுக்கொள்ளும் மருத்துவமனை எது என்று பாருங்கள். 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. விதிகள் மாறும் காலம் இது. அதனால் நான் சொன்ன எண்களையும் அந்தந்த ஆண்டுக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் மார்க்கைக் கேட்டால்

நேர்காணல் வைக்கும் கல்லூரிகளில் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள். நான் சொன்னது: ‘தமிழ் வழியில் படித்து வந்ததால் முதல் இரண்டு ஆண்டுகளில் மார்க் குறைந்தது, மேம். மூன்றாம் ஆண்டிலிருந்து கூடியிருக்கிறது, மார்க் ஷீட்டில் பார்க்கலாம்.’ அவ்வளவுதான். அடுத்து வார்டில் என்ன செய்தேன் என்பதற்குப் போய்விட்டேன். அழுதுவிடாதீர்கள், கல்லூரியையோ ஆசிரியரையோ குறை சொல்லாதீர்கள். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண்ணால், இந்தப் பையனால் இரண்டு ஆண்டும் ஆய்வும் முடிக்க முடியுமா? அதற்குச் சான்றாக, நீங்கள் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றித் தெளிவாகப் பேசுங்கள்.

55-க்குக் கீழே இருந்தால்

‘அக்கா, எனக்கு 52தான்’ என்று கேட்பவர்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். பொதுப் பிரிவிலும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலும் எம்.எஸ்சி. நர்சிங் கதவு இப்போதைய விதியில் திறக்காது. நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர் படிப்புக்கும் 55 கேட்கிறார்கள். ஆனால் தொழிலில் மேலே போக வேறு உண்மையான வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கவுன்சில் அங்கீகரித்த ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமாக்கள்: கிரிட்டிகல் கேர், எமர்ஜென்சி, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, ஆபரேஷன் தியேட்டர், மனநலம் எனப் பல. பதிவு பெற்ற நர்ஸாக இருந்து அனுபவமும் இருந்தால் இவற்றில் சேரலாம். ஒரு துறையில் ஆழமான திறமை வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அது இங்கேயே நிறைவேறும்.

இரண்டு, பொது சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம் போன்ற முதுநிலைப் படிப்புகள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தகுதி வேறு. நர்சிங் பட்டதாரியை ஏற்கிறார்களா, எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். இவை நர்சிங் கல்லூரி ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி. நர்சிங்குக்கு மாற்று ஆகாது என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

மூன்று, வெளிநாடு. பிரிட்டனில் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும், அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வும் இன்று உங்களுக்கு என்ன தெரியும் என்பதைத்தான் சோதிக்கின்றன. ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. போன்ற ஓர் ஆங்கிலத் தேர்வையும் கடக்க வேண்டும். அங்கே வேலையில் நிலைத்த பிறகு மேற்படிப்பு படித்தவர்கள் பலர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இயங்குகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஜி.என்.எம். படித்து அதில் மார்க் குறைந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யில் நீங்கள் எடுக்கும் மார்க்தான் எம்.எஸ்சி. தகுதிக்குக் கணக்கு. அந்த இரண்டு ஆண்டை முழுமூச்சாகப் படியுங்கள்.

சேர்ந்த பிறகு

இடம் கிடைத்ததும் பழைய பயம் திரும்ப வரும். வகுப்பில் எல்லோரும் 70, 75 எடுத்தவர்களாக இருப்பார்கள். முதல் மாதத்திலேயே ஆய்வுத் தலைப்பைப் பற்றி வழிகாட்டியிடம் பேசத் தொடங்குங்கள். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதுவது சிரமம் என்றால் தினமும் ஒரு பக்கம் எழுதி நண்பரிடம் திருத்திக்கொள்ளுங்கள். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். கையில் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் இருந்தால் வங்கியில் வேலை சீக்கிரம் நடக்கும்.

என் வகுப்பில் இப்போது தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் ஆண்டு அனாடமியில் திணறும்போது, எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்று எனக்கு உடனே தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலும் தெலுங்கிலும் விளக்கிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் எழுத வைக்கிறேன். மார்க் குறைந்த ஒருவர் ஆசிரியராக வருவதால் மாணவருக்குக் கிடைக்கும் நன்மை இது. அதனால்தான் நீங்களும் வர வேண்டும் என்று கேட்கிறேன். இந்த வாரமே மார்க் ஷீட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். 55-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த ட்யூட்டியிலிருந்தே ஒரு நோயாளி, ஐந்து குறிப்பு என்று தொடங்குங்கள். தாண்டவில்லை என்றால் டிப்ளமா விண்ணப்பம் எப்போது வருகிறது என்று விசாரியுங்கள்.